பாலத்தில் விழுந்த எண்

ஜனவரி 12

அன்புள்ள தம்பிக்கு,

நான் பகடைகளை ஜன்னல் வழியாகத் தெருவில் வீசினேன் என்று மேல்வீட்டு அம்மாள் சொல்லித் திரிகிறாள். உனக்கும் யாராவது எழுதியிருப்பார்கள். அது உண்மையல்ல. ஏழு பகடைகளையும் எண்ணி, துணியால் துடைத்து, டப்பாவில் அடுக்கி, அலமாரியில் வைத்துப் பூட்டினேன். கோபத்தில் வீசுகிறவர்கள் எண்ணிக்கொண்டிருக்க மாட்டார்கள். சூதில் தோற்ற ஆத்திரம் என்றும் சொல்கிறாளாம். நாங்கள் ஞாயிற்றுக்கிழமை மதியங்களில் ஆடுவது சூது அல்ல. ஆளுக்கொரு கற்பனை வீரனையோ மந்திரக்காரியையோ நடத்துகிறார்கள். அவன் என்ன செய்யப் பார்க்கிறான் என்பதை ஆடுபவர் சொல்கிறார், அது பலிக்குமா என்பதைப் பகடை சொல்கிறது, பகடையில் விழுந்தது என்ன என்பதை நடுவர் சொல்கிறார். உன் அத்தான் போன பிறகு ஆறு வருடமாக நான்தான் நடுவர். நடுவருக்குத் தோல்வி என்று ஒன்று கிடையாது.

இதைச் சொல்லித் தீர்த்த பிறகுதான் உன் சுகம் விசாரிக்க முடிகிறது. காதிரைச்சல் எப்படி இருக்கிறது? இடது காதிலாவது வாசல் மணி கேட்கிறதா? நான் நலம். முழங்கால் மட்டும் படியைக் கண்டால் முனகுகிறது.

நடந்தது இதுதான். ஆட்டத்துக் கதையில் எல்லோரும் பாழடைந்த மில்லில் தங்கியிருந்தார்கள். டெய்லரம்மா நடத்தும் திருடி, பல் டாக்டர் நடத்தும் மந்திரக்காரியோடு ஐந்து மாதமாக ஒரே பாத்திரத்தில் சாப்பிட்டு வந்தவள், அன்று அவளைக் குத்த முடிவு செய்திருந்தாள். எதிரி அவளுக்கு ஏதோ சாவி தருவதாகச் சொல்லியிருந்தான். இப்படிப்பட்ட எண்ணத்தை முன்கூட்டியே நடுவருக்குச் சீட்டில் எழுதித் தர வேண்டும் என்பது உன் அத்தானின் விதி. காதில் சொன்னால் போதும் என்று நான் போன வருடம் மாற்றினேன். அவளும் காதில் சொன்னாள்.

விதி உனக்குத் தெரியும். ஒளிந்திருந்து பாய்வது வேறு, கூட நடந்தவன் குத்தும் துரோகம் வேறு. ஒளிந்திருந்து பாய்ந்தால், அடிபடப் போகிறவருக்கு உஷார்ப் பகடை உண்டு. அது நன்றாக விழுந்தால் அவர் திரும்பிப் பார்த்துவிடுவார். கூட இருந்தவன் குத்தினால் உஷார்ப் பகடை கிடையாது, கேடயம் கணக்கில் வராது, அடி இரட்டிப்பு. குத்துகிறவருக்கு இருபது முகப் பகடையில் ஐந்தோ அதற்கு மேலோ விழுந்தால் போதும்.

அவள் உருட்டினாள். பகடை தட்டின் ஓரத்தில் போய் நின்றது. நான் "எட்டு" என்றேன். மந்திரக்காரி செத்தாள்.

"இல்லம்மா, அது எட்டு இல்ல. மூணு" என்றாள் டெய்லரம்மா.

கவனி, குத்தியவளே சொல்கிறாள். குத்துப்பட்ட டாக்டரோ, "விடுங்க, எட்டுன்னா எட்டு. நான் செத்தாச்சு, டீ குடிக்கலாம்" என்கிறார். ஓய்வுபெற்ற பஸ் டிரைவர் கூரையில் எதையோ தேடிக்கொண்டிருக்கிறார். நடுவர் சொல்வதே எண் என்பது உன் அத்தானின் விதிப்புத்தகத்தில் முதல் பக்கத்து முதல் விதி. அதை நினைவூட்டி, அத்துடன் ஆட்டத்தை முடித்தேன்.

நீ தபால் மூலம் ஆடினாலும் உனக்கும் ஓட்டு உண்டு. அந்தக் குத்து செல்லுமா, செல்லாதா? எழுது. உன் வீரன் ஒற்றைக்கை அடுத்த நான்கு ஞாயிற்றுக்கிழமைகளில் என்ன செய்ய வேண்டும் என்ற கட்டளைகளையும் வழக்கம்போல் அனுப்பு. அவர்கள் மன்னிப்புக் கேட்டதும் மேஜையைத் திறப்பேன்.

உடம்பைக் கவனித்துக்கொள்.

அன்புடன்,
அக்கா

ஜனவரி 30

அன்புள்ள அக்காவுக்கு,

இங்கே எல்லோரும் நலம். எல்லோரும் என்றால் நானும் என் காதிரைச்சலும்தான். முப்பது வருடம் பிரஸ் மெஷின் பக்கத்தில் நின்றதற்கு அது ஒன்றாவது விசுவாசமாகக் கூட இருக்கிறது. வாசல் மணி கேட்பதில்லை. தபால்காரர் ஜன்னல் கண்ணாடியில் கடிதத்தை வைத்து ஆட்டுகிறார், நான் ஓடிப் போய்த் திறக்கிறேன். உன் முழங்காலுக்கு வெந்நீர் ஒத்தடம் கொடு.

ஒற்றைக்கைக்கான கட்டளைகள்: முதல் ஞாயிறு மில்லுக்கு வெளியே காவல். எதிரி வந்தால் விசில் அடிப்பான், தனியாகப் பாய மாட்டான். இரண்டாம் ஞாயிறு காயம்பட்டவர்களைச் சுமப்பான். மூன்றும் நான்கும் உன் விருப்பம்.

மேஜைக்கு மேலே தொங்கும் விளக்கை இன்னும் ஒரு முழம் இறக்கிக் கட்டினால் என்ன? இங்கே ஒரு கடையில் எலுமிச்சம்பழம் அளவுக்குப் பகடைகள் பார்த்தேன், எண்கள் நன்றாகக் குழிந்து கறுப்பாக இருக்கின்றன. வாங்கி அனுப்பவா? சும்மாதான். பார்க்க அழகாக இருக்கும்.

டெய்லரம்மா நல்லவள். ரொம்ப நாள் பேசாமல் இருக்காதே.

அன்புடன்,
தம்பி

பிப்ரவரி 11

அன்புள்ள தம்பிக்கு,

நலமாக இருக்கிறாய் என்று அறிந்து நிம்மதி. நானும் அப்படியே. ஒத்தடம் கொடுத்தேன், பயனில்லை.

நான் கேட்டது ஒன்று, நீ எழுதியது வேறு. குத்து செல்லுமா என்று கேட்டேன், நீ விளக்கு கட்டச் சொல்கிறாய். கான்வென்ட்டில் எங்கள் சிஸ்டர் இப்படிப்பட்ட விடைத்தாளை மடித்துத் திருப்பிக் கொடுப்பார்கள், கேள்வியை இன்னொரு முறை படி என்று. நானும் அதையே சொல்கிறேன்.

நான்கு வாரமாக மேஜை காலி. போன வியாழக்கிழமை டாக்டர் வந்தார். கையில் ஆரஞ்சுப் பை. உட்காரச் சொல்லும்வரை நின்றார், உட்கார்ந்ததும் பையின் காதைத் திருகிக்கொண்டிருந்தார்.

"மேடம், எனக்குத் தெரிஞ்ச கண் டாக்டர் ஒருத்தர் இருக்கார். ரொம்ப நல்ல மாதிரி."

"நல்லது. அவருக்குப் பல் வலி வந்தா நீங்க பாருங்க" என்றேன்.

"வரும், வரும். அவர் இனிப்பு நிறையச் சாப்பிடுவார்" என்று சொல்லிவிட்டு, செருப்பை மாற்றிப் போட்டுக்கொண்டு போய்விட்டார். திரும்பி வந்து சரியாகப் போட்டுக்கொண்டு மறுபடி போனார்.

இன்னொன்று. நீ ஏன் கடைப் பலகை எழுதுகிற மாதிரி எழுதுகிறாய்? ஒரு பக்கத்தில் ஒன்பது வரிதான் வருகிறது. போன வருடத்திலிருந்தே இப்படித்தான். முன்பெல்லாம் உன் எழுத்து கடுகு மாதிரி இருக்கும். காகிதத்தை வீணாக்காதே.

பெரிய பகடை வேண்டாம். உன் ஓட்டு மட்டும் போதும்.

அன்புடன்,
அக்கா

மார்ச் 2

அன்புள்ள அக்காவுக்கு,

நலம்தானே? இங்கே குளிர் விட்டுவிட்டது.

எழுத்து பெரிதானதற்குக் காரணம் கை நடுக்கம். சிறிதாக எழுதினால் கோடு ஓடிவிடுகிறது. வயதாகிறது, வேறொன்றுமில்லை.

ஓட்டு விஷயம். நான் அங்கே இல்லை, பார்க்கவும் இல்லை. பார்க்காதவன் எப்படி ஓட்டுப் போடுவது? ஒன்று செய், அந்த உருட்டலை மட்டும் திரும்ப உருட்டச் சொல். யாருக்கும் வலிக்காது. ஒற்றைக்கை மில் வாசலில் நின்று நின்று கால் மரத்துப் போய்விட்டான், அவனுக்காகவாவது மேஜையைத் திற.

ஆரஞ்சைச் சாப்பிட்டாயா?

அன்புடன்,
தம்பி

மார்ச் 16

தம்பிக்கு,

நலம். நீ நலமாக இருப்பாய்.

நேற்று மாலை நான்கு மணிக்கு டிரைவரும் டெய்லரம்மாவும் வந்தார்கள். மன்னிப்புக் கேட்க என்று நினைத்தேன். நானே கதவைத் திறந்து, நாற்காலிகளைக் காட்டி, எதிரில் உட்கார்ந்தேன்.

"அக்கா, நீங்க இப்படிப் பார்த்தா எனக்கு வளைவுல எதிர லாரி வந்த மாதிரி இருக்கு. கொஞ்சம் லைட்டைக் கம்மி பண்ணுங்க" என்றார் டிரைவர்.

நான் சிரிக்கவில்லை. அவர் மேலும் கலங்கி, "நாங்களா ஒண்ணும் செய்யல. தம்பி எழுதினதைத்தானே செஞ்சோம்" என்றார். டெய்லரம்மா அவரை முழங்கையால் இடித்தாள். இடித்தது எனக்குக் கேட்டது.

"எந்தத் தம்பி?"

"உங்களுக்கு எத்தனை தம்பிக்கா இருக்காங்க?"

பிறகு எல்லாம் வந்தது. நான் என்ன எண் சொன்னாலும் அதையே வைத்து ஆடும்படி நீ போன வருடம் டாக்டருக்கு எழுதியிருக்கிறாய். மூவரும் ஒப்புக்கொண்டிருக்கிறார்கள். பன்னிரண்டு மாதம் ஒரு மேஜையில் உட்கார்ந்து, என் டீயைக் குடித்து, நான் தவறாகச் சொல்லும் ஒவ்வொரு எண்ணுக்கும் தலையாட்டியிருக்கிறார்கள்.

டெய்லரம்மா தன் பையிலிருந்து அளவு நோட்டை எடுத்தாள். இடப்பக்கம் ரவிக்கை அளவுகள். வலப்பக்கம் பகடை: விழுந்தது இவ்வளவு, அம்மா சொன்னது இவ்வளவு. ஒவ்வொரு வாரமும் எழுதியிருக்கிறாள்.

"எதுக்கு எழுதினே?" என்று கேட்டேன்.

"அளவு தப்பாச் சொன்னாத் துணி வீணாப் போயிடும்மா. எழுதாம எனக்குக் கை நிக்காது. சரியான அளவு எங்கயாவது இருக்கணும்ல?"

"அப்புறம் ஏன் ஜனவரியில வாயைத் திறந்தே?"

"அதுவரைக்கும் தப்பான நம்பர்ல யாரும் சாகலம்மா. நான் உண்மையாவே குத்தியிருந்தா சரி. நீங்க சொன்ன நம்பர்ல நான் கொலைகாரி ஆக மாட்டேன்."

மூக்குக்கண்ணாடி உள்ளே இருக்கிறது, நீயே படி என்றேன். நாற்பது நிமிடம் படித்தாள். தவறியவை அறுபத்தொன்று. அவற்றில் உன் ஒற்றைக்கைக்காக நான் உருட்டியவை முப்பத்தெட்டு.

மூன்று கேள்விகள். டாக்டருக்கு எழுதியது நீதானா? உனக்கு எப்போது தெரியும்? உன் கை உண்மையிலேயே நடுங்குகிறதா?

அக்கா

ஏப்ரல் 21

தம்பிக்கு,

உடல்நிலை காரணமாக எழுதவில்லை என்றால் அதை மட்டுமாவது எழுது. ஐந்து வாரமாகிறது. உன் காது இருக்கும் நிலையில் டெலிபோன் செய்து உன்னிடம் எதையும் கேட்க முடியாது என்பது எனக்கும் தெரியும், உனக்கும் தெரியும்.

அக்கா

ஏப்ரல் 29

அன்புள்ள அக்காவுக்கு,

உடம்புக்கு ஒன்றுமில்லை. நாலு கடிதம் எழுதிக் கிழித்தேன். உன் கோபம் தணியட்டும் என்று இருந்தேன் என்று எழுதினால் நீ நம்பமாட்டாய், அதனால் எழுதவில்லை. பயந்துகொண்டு இருந்தேன்.

எழுதியது நான்தான். கை நடுங்கவில்லை. போன வருடம் ஜனவரியில் வந்த உன் கடிதத்தில் மூன்றாவது வரியின் மேலேயே நான்காவது வரியை எழுதியிருந்தாய். ஒரு வரி கோணலாகப் போனாலே பேப்பரைக் கிழித்துப் போடுகிறவள் நீ. அன்றே டாக்டருக்கு எழுதினேன். நேராகக் கேட்டால் நீ மேஜையை மூடிவிடுவாய், கேட்க வேண்டாம், அக்கா சொல்வதே எண் என்று எழுதினேன். அன்றிலிருந்து நானும் பெரிதாக எழுதினேன்.

டெய்லரம்மாவின் கணக்கை டாக்டர் மாதாமாதம் எனக்கு அனுப்பிவிடுவார். அதனால் இன்னொன்றும் சொல்ல வேண்டும். போன வருடம் மார்ச்சில் பாலத்தடிப் பூதம் ஒற்றைக்கையைத் தூக்கி எறிந்ததே, நினைவிருக்கிறதா? பதினைந்துக்கு மேல் விழுந்தால் கயிற்றைப் பிடிப்பான், இல்லையென்றால் ஆறு அவனைக் கொண்டுபோய்விடும். நீ எனக்கு எழுதியது பத்தொன்பது. விழுந்தது இரண்டு.

ஆக நான் பதின்மூன்று மாதமாகப் பிணம். பிணமாக இருந்துகொண்டே உனக்குக் கட்டளை அனுப்பினேன். மில் வாசலில் காவல் நிற்பேன், விசில் அடிப்பேன், காயம்பட்டவர்களைச் சுமப்பேன் என்று எழுதினேன். அந்தக் கணக்கைப் படிக்கும்போதெல்லாம் சிரிப்பு வரும், அப்புறம் வராது.

ஒன்று கேட்கிறேன், கோபித்துக்கொள்ளாதே. தவறிய அறுபத்தொன்றில் மற்றவர்களுடையவை இருபத்துமூன்று. சில கூடுதல், சில குறைவு. கண் தவறினால் அப்படித்தான் தவறும். என்னுடைய முப்பத்தெட்டும் எனக்குச் சாதகம். கண் அப்படித் தவறாது, அக்கா.

சாப்பாட்டை ஒழுங்காகச் சாப்பிடு.

அன்புடன்,
தம்பி

மே 18

அன்புள்ள தம்பிக்கு,

நலமா என்று கேட்பதை இந்தக் கடிதத்தில் கடைசிக்குத் தள்ளுகிறேன்.

நீ எழுதியது சரி. எனக்குத் தெரியும். உனக்கும் டாக்டருக்கும் தெரிவதற்கு ஒரு வருடம் முன்பே தெரியும். முதலில் பகடையை விரலால் தடவிப் பார்த்தேன், எண்கள் ஆழமில்லை. பிறகு மற்றவர்கள் முகத்தைப் பார்த்துச் சொன்னேன். உதட்டைக் கடித்தால் குறைவு, நிமிர்ந்து உட்கார்ந்தால் அதிகம். அது நன்றாகவே நடந்தது. பிறகு முகங்களும் போய்விட்டன. அதன் பின் ஊகித்துச் சொன்னேன். உன் ஆளுக்கு மட்டும் ஊகிக்கவும் இல்லை. அவன் பிழைக்க எது வேண்டுமோ அதைச் சொன்னேன். பாலத்தில் பதினைந்துக்கு மேல் வேண்டும் என்பதால் பத்தொன்பது என்றேன். இருபது என்றால் சந்தேகப்படுவார்கள்.

டாக்டர் என்னைத் தன் நண்பரிடம் அழைத்துப் போனார். இனிப்பு சாப்பிடுகிறவர்தான், மேஜை மேல் மிட்டாய்த் தாள்கள் சரசரத்தன. என் இரண்டு கண்ணிலும் நடுப்பகுதி போய்க்கொண்டிருக்கிறதாம். ஓரம் இருக்கும். இப்போதே யாரைப் பார்த்தாலும் காது தெரிகிறது, மூக்கு தெரியவில்லை. ஊசி போட்டால் மெதுவாகப் போகும், போனது திரும்பாது. கையெழுத்தைப் படிப்பது இந்த வருடம் முடியும்வரை என்றார். "அதுக்கப்புறம்?" என்றேன். "டெலிபோன் இருக்கேம்மா. பேசிக்கலாமே" என்றார். அவருக்கு உன்னைத் தெரியாது.

இதைத்தான் இரண்டு வருடத்துக்கு மேலாக யாரிடமும் சொல்லாமல் வைத்திருந்தேன். ஆட்டம் போவது இருக்கட்டும். உன்னால் கேட்க முடியாது, என்னால் படிக்க முடியாது என்று ஆனால் நாம் இரண்டு பேரும் எதில் பேசுவது?

நடுவர் என்ற முறையில் ஒன்று சொல்ல வேண்டியிருக்கிறது. நீங்கள் எனக்குச் செய்தது எந்த வகைத் தாக்குதல் என்று இரண்டு மாதம் யோசித்தேன். ஒளிந்திருந்து பாய்ந்தது அல்ல, நீங்கள் என் எதிரிலேயே உட்கார்ந்திருந்தீர்கள். துரோகம் என்ற தலைப்பின் கீழ்தான் வருகிறது. கெட்ட எண்ணம் இருந்ததா என்று உன் அத்தானின் விதி எங்கேயும் கேட்பதில்லை. கூட இருந்தவனா, எதிராளிக்குத் தெரியாமல் செய்தானா, இந்த இரண்டைத்தான் கேட்கிறது. நான் செய்ததையும் அதே தலைப்பின் கீழ் வைத்துப் பார்த்தேன். அங்கேயும் வருகிறது. நம்பி உட்கார்ந்த நான்கு பேரிடம் பார்க்காத எண்ணைப் பார்த்ததாகச் சொன்னேன். அதுவும் முதலில் செய்தவள் நான்.

களைப்பாக இருக்கிறது. இந்தக் கடிதத்தை எழுத மூன்று காலைகள் ஆயின. வரிகள் ஒன்றின்மேல் ஒன்று ஏறியிருந்தால் பொறுத்துக்கொள். நீ நலமா?

அன்புடன்,
அக்கா

ஜூன் 4

அன்புள்ள அக்காவுக்கு,

நலம். நீ ஊசி போட்டுக்கொள். பயமாக இருந்தால் டாக்டரின் கையைப் பிடித்துக்கொள், அவருக்கும் பயமாகத்தான் இருக்கும்.

வரிகள் ஏறவில்லை. இரண்டு இடத்தில்தான் ஏறின. படித்துவிட்டேன்.

நீ தீர்ப்புச் சொல்வதற்கு முன் என் தரப்பைக் கேள். நடுவர் சொல்வதே எண் என்பது முதல் விதி. நீ பத்தொன்பது என்றாய். ஆகவே சட்டப்படி பத்தொன்பதுதான் விழுந்தது. ஒற்றைக்கை உயிரோடு இருக்கிறான். பகடை என்ன சொன்னது என்பதைப் பகடையிடம் யாரும் கேட்கவில்லை. இந்த வாதத்தை அத்தான் கேட்டிருந்தால் மேஜையைத் தட்டியிருப்பார்.

சரி, விளையாட்டை விடு. அம்மா போன பிறகு நீயும் நானும் பத்து வருடம் ஒரு வரி எழுதிக்கொள்ளவில்லை. சண்டை ஒன்றும் இல்லை, எழுத விஷயம் இல்லை. அங்கே ஒரு தடவை வந்தேன், மேஜையில் யார் என்ன பேசுகிறார்கள் என்று புரியாமல் எல்லோரும் சிரித்து முடித்த பிறகு சிரித்துக்கொண்டிருந்தேன். அதைப் பார்த்துத்தான் அத்தான், நீ தபாலில் ஆடுடா என்று ஒரு ஆளை எனக்குக் கொடுத்தார். அதற்குப் பிறகுதான் உன்னிடமிருந்து கடிதம் வர ஆரம்பித்தது. அவன் போய்விட்டால் நான் எதைச் சாக்கு வைத்து எழுதுவேன்? கட்டளை இல்லாமல் ஒரு கடிதம் எழுத எனக்குத் தெரியாது.

அவனைக் கொல்லாதே என்று கேட்டுக்கொள்கிறேன். இதைவிடப் பெரிதாக எழுத இந்தக் காகிதத்தில் இடமில்லை.

அன்புடன்,
தம்பி

ஜூன் 25

அன்புள்ள தம்பிக்கு,

இது டெய்லரம்மாவின் கையெழுத்து. நான் சொல்கிறேன், அவள் எழுதுகிறாள். எழுத்து நன்றாக இருக்கிறது என்கிறார்கள், எனக்கு வரிசையாகத் தைத்த மாதிரி தெரிகிறது. உன் கடைசிக் கடிதத்தைப் பூதக்கண்ணாடி வைத்து நானே படித்தேன். ஒன்றரை நாள் ஆயிற்று. இனி வருவதை இவள் சத்தமாகப் படிப்பாள், நான் கேட்பேன். இவள் முன்னால் சொல்ல வெட்கமானதை எழுதாதே, அல்லது வெட்கப்படாமல் எழுது. ஆக, எதில் பேசுவது என்ற கேள்வி தீர்ந்தது. எதைப் பேசுவது என்பதுதான் மிச்சம்.

முதல் ஊசி போட்டாயிற்று. டாக்டர்தான் கண்ணை மூடிக்கொண்டார். நான் நலம். நீ எப்படி இருக்கிறாய்?

போன ஞாயிறு மேஜையைத் திறந்தேன். எண்ணைப் பார்த்துச் சொல்வது டெய்லரம்மா, அந்த எண்ணுக்கு என்ன அர்த்தம் என்று சொல்வது நான். முதலில் நான்கு பேரிடமும், நான்காவது நீ, மன்னிப்புக் கேட்டேன். டிரைவர் உடனே, "அக்கா, நீங்க மன்னிப்புக் கேட்டா எங்களுக்கு ரிவர்ஸ் எடுக்கவே வழியில்லையே" என்றார். பிறகு அவர்களும் கேட்டார்கள்.

தீர்ப்புகள். ஜனவரியில் விழுந்தது மூன்று. குத்து படவில்லை. மந்திரக்காரி உயிரோடு இருக்கிறாள், குத்த வந்தது யார் என்றும் அவளுக்குத் தெரியும். டாக்டர் இப்போது டெய்லரம்மாவுக்கு முதுகைக் காட்டாமல் டீ ஊற்றுகிறார். மேஜைத் துணி நனைந்துபோகிறது. (உண்மைதான் சார், என் புடவையும் நனைஞ்சுது. டெய்லர்.) இவள் நடுவில் ஏதோ எழுதுகிறாள், கேட்டால் ஒன்றுமில்லை என்கிறாள்.

துரோகம் பற்றி. ஒருவர் மேல் ஒருவருக்கு ஒரு முறைதான் அந்தத் தாக்குதல் உண்டு, ஏனென்றால் அதற்குப் பிறகு எதிராளி உஷாராகிவிடுகிறார் என்று உன் அத்தான் எழுதியிருக்கிறார். உன்னுடையதை நீ பயன்படுத்திவிட்டாய், என்னுடையதை நான். இனி இருவருக்கும் அது கிடையாது. கணக்கு அங்கே முடிகிறது.

உன் வாதத்தை மேஜையில் படிக்கச் சொன்னேன். டாக்டர் ஏற்றுக்கொள்ளலாம் என்றார். டிரைவர் கண்ணைத் துடைத்துக்கொண்டு ஏற்றுக்கொள்ளத்தான் வேண்டும் என்றார். நான் ஏற்கவில்லை. நடுவர் சொல்வதே எண் என்று எழுதியவர், நடுவர் பார்ப்பார் என்று நம்பி எழுதினார். பார்க்காமல் சொன்னது எண் அல்ல, ஆசை. என் ஆசையில் நீ பதினைந்து மாதம் நின்றது போதும். ஒற்றைக்கை போன வருடம் மார்ச்சில் பாலத்திலிருந்து விழுந்து இறந்தான் என்று விதிப்புத்தகத்தின் கடைசித் தாளில் எழுதச் சொல்லிவிட்டேன். என் கையெழுத்தை நானே போட்டேன், கோட்டின் மேல் விழுந்ததா என்று தெரியவில்லை.

சொல்லி முடித்து டம்ளரைத் தடவித் தேடினேன். டெய்லரம்மா தண்ணீர் கொண்டு வந்தாள். இதை எழுத வேண்டாம் என்றேன், எழுதிக்கொண்டிருக்கிறாள் என்று பேனாவின் சத்தம் சொல்கிறது.

புது ஆள் வேண்டுமென்றால் தனியாக எழுதிக் கேள், எல்லோரையும்போல ஒன்றாம் நிலையிலிருந்து தொடங்கலாம். நான் இப்போது கேட்பது அதுவல்ல. ஆள் இல்லாமல், கட்டளை இல்லாமல், காலையில் என்ன சாப்பிட்டாய், யார் ஜன்னலில் கடிதத்தை ஆட்டினார் என்று எனக்கு எழுதுவாயா? தெரியாது என்று சொன்னாய். எனக்கும் தெரியாது. முடியும் என்றால் முடியும் என்று எழுது, முடியாது என்றால் அதையும் எழுது. டாக்டர் மூலம் சொல்லியனுப்பாதே. ஜூலை முடிவதற்குள் உன் கையால் எழுதிய பதில் எனக்கு வேண்டும்.

அன்புடன்,
அக்கா